பிடித்தவர்கள் வீட்டு வெயில்

நாவல் வெளிவந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, சலூன்காரர் வீட்டில் மட்டும் சூரியன் மறையவில்லை. தெருவில் மற்ற வீடுகளிலெல்லாம் வழக்கம்போல இருட்டி, விளக்குப் போட்டு, பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்த பிறகும், அவர் வீட்டு மேற்கு ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் உள்ளே வந்து பாய் விரித்தாற்போல் தரையில் கிடந்தது. தெருவில் நின்று பார்த்தால் வானத்தில் நட்சத்திரம். உள்ளே போய் அதே ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தி. பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏதோ புது மாதிரி விளக்கு என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மீட்டர் ஓடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, இது தங்கள் துறை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற பெண்ணின் வீட்டிலும், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு மூன்று வீடுகளிலும் அதே வெயில் தங்கியது. அந்தக் கூடுதல் பொழுது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பொழுது நீண்டவர்களுக்கும் நீளாதவர்களுக்கும் காலையில் பால் ஒரே நேரத்தில்தான் வந்தது. நடுவில் அவர்கள் மட்டும் ஒரு முழுச் சாயங்காலத்தை உபரியாக வாழ்ந்துவிட்டு, போதுமான அளவு தூங்கியும் எழுந்திருந்தார்கள். ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. தொந்தரவு என்றுதான் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அந்த வீடுகளைக் காட்டி, இன்னும் விளையாட நேரம் இருக்கிறது என்று வாதாடின.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெயில் தங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் மேஜைமேல் செங்கல் கனத்தில் ஒரே புத்தகம் கிடந்தது. அதை எழுதியவர் அதே ஊர்க்காரர். முப்பது வருஷங்களில் பன்னிரண்டு விஞ்ஞான நாவல்கள் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பஸ் பயணத்தில் படித்து முடிக்கிற அளவில் வைத்திருந்தவர். அவற்றில் முதல் பக்கத்திலேயே ராக்கெட் கிளம்பும், கடைசிப் பக்கத்துக்குள் யாராவது ஒரு நல்லவன் செத்துப்போவான், வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்குவார்கள். எழுபத்திரண்டாவது வயதில் அவர் பதிமூன்றாவது நாவலை எழுதினார். ‘அஸ்தமனம் அறியாதவன்’ என்று பெயர், எண்ணூற்று எண்பது பக்கம். அதன் கதாநாயகர் ஒரு விண்கலத்தின் கேப்டன். எழுபது வயதிலும் முடி கொட்டாதவர், ஒரு தடவைகூடத் தப்புச் செய்யாதவர், கல்வி, வரி, ஷூ பாலிஷ், இளைஞர்களின் கையெழுத்து என்று எதைப் பற்றிக் கேட்டாலும் முப்பது பக்கத்துக்குக் குறையாமல் கருத்துச் சொல்பவர். கலத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அவருடைய நகைச்சுவைக்குச் சிரித்தார்கள். ஓர் இடத்தில் கம்ப்யூட்டரும் சிரித்தது. முந்தைய நாவல்களில் செத்துப்போன நல்லவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பி வந்து கேப்டனின் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டார்கள். ராக்கெட் நானூறாம் பக்கத்தில்தான் கிளம்பியது. அது போய்ச் சேர்ந்த கிரகத்தில் சூரியன் மேற்கே வந்ததும் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது; ஒரு சாயங்காலம் முடிவதற்குள் இங்கே ஒரு பகல் போய்விடும்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. எதிர்க்கட்சியின் தலைமை பௌதிக வாத்தியாரிடம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல், சம்பாதித்ததையெல்லாம் புத்தகத்தில் போட்டு, எழுத்தாளர் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே குடியிருந்தவர் அவர். மூன்றாவது நாவலில் ஒரு விஞ்ஞானி செத்துப்போனபோது, அப்போது கல்லூரி மாணவராக இருந்த வாத்தியார், விடுதியில் சாப்பிடாமல் படுத்துக் கிடந்திருக்கிறார். இப்போது அதே ஆள் பொழுதுபோகாமல் வந்து கேக் தின்கிறானே, அப்படியானால் என் அழுகைக்கு என்ன மரியாதை என்று அவர் கேட்டார். ஆளுங்கட்சியின் தலைமை சலூன்காரரிடம் இருந்தது. கடையில் கத்தரிக்கோல் சத்தத்தைவிட வாக்குவாதச் சத்தம் அதிகமாகியது. பாதி முகத்தில் நுரையோடு ஒரு கணக்கர் எழுந்து நின்று, அந்தக் கேப்டன் பேசுவது தாங்கவில்லை என்று சொன்னபோது, சலூன்காரர் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“பேசுறது போர்தான். இந்த நாற்காலியில உட்கார்ந்து பேசுற எல்லாரும் போர்தான். அதுக்காகப் பாதி ஷேவிங்கோட அனுப்பிடறேனா? வயசாச்சு, பேசட்டும் விடுங்க.”

தொந்தரவு எங்கே இருந்தது என்றால், வெயிலிடம் பொய் சொல்ல முடியவில்லை. வாசகர் வட்டத் தலைவர் பாராட்டுக் கூட்டத்தில் இது நூற்றாண்டின் சாதனை என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார், அங்கே கும்மிருட்டு. மறுநாளே மேற்கு ஜன்னல்களுக்குக் கனமான திரை தைத்துப் போட்டு, அதற்குப் பின்னால் வரிசையாக மஞ்சள் பல்புகளை எரியவிட்டார். மின்சார அலுவலகத்து மனிதர் மறுபடி வந்து, இந்த வீட்டில் மீட்டர் நன்றாகவே ஓடுகிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இதற்கு நேர் எதிராக, ‘மரங்களுக்கு இழைத்த அநீதி’ என்று நாவலைக் கிழித்து எழுதிய பத்திரிகை விமர்சகரின் வீட்டில், குளியலறையின் சின்ன ஜன்னலில் மட்டும் வெகுநேரம் வரை பொன்னிறமாக வெளிச்சம் தெரிந்தது. கேட்டவர்களிடம் அவர், புத்தகத்தை அங்கே சும்மா வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றார். ஆனால் அவர் குளித்துவிட்டு வர ஆகும் நேரம் கூடிக்கொண்டே போனதை அவர் மனைவி கவனித்திருந்தார்.

எழுத்தாளரின் மனைவி பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. ஊரில் பாதிப்பேரின் கடைவாய்ப் பற்களை அவர் பிடுங்கியிருந்தார், மீதிப்பேர் பயந்துகொண்டிருந்தார்கள். முதல் பன்னிரண்டு நாவல்களையும் அச்சுக்குப் போகும் முன்பே படித்து, பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்து, எங்கே ஆடுகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் டாக்டரம்மாதான். பதிமூன்றாவதை எழுத்தாளர் அவரிடம் காட்டவில்லை. அதற்கு முந்தின வருஷம் எழுத்தாளருக்கு இருதயத்தில் அறுவை நடந்திருந்தது. அதன் பிறகு அவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போயிருந்தது. அச்சான புத்தகத்தைத்தான் கொண்டுவந்து கையில் கொடுத்தார். டாக்டரம்மா தொண்ணூறாம் பக்கம்வரை படித்தார். அதுவரை கேப்டன் ஒரு கால் ஷூவின் நாடாவைத்தான் கட்டியிருந்தார். எப்படி இருக்கிறது என்று எழுத்தாளர் சமையலறை வாசலில் நின்று கேட்டபோது, டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அறுவைக்குப் பிறகு இளைத்துப்போய், காது மட்டும் பெரிதாகத் தெரிகிற முகம்.

“நல்லா இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தபோது, மேஜை சரியாக நடுவில் இரண்டாகியது. எழுத்தாளரின் பக்கம் வெயில், டாக்டரம்மாவின் பக்கம் இருட்டு. டாக்டரம்மா தற்செயலாகச் செய்வதுபோல நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். ஓடையின் நடுவில் கிடக்கும் கல்லை விட்டுத் தண்ணீர் ஒதுங்குவதுபோல் வெயில் அவரை விட்டு ஒதுங்கி, பின்னால் இருந்த அலமாரிமேல் விழுந்தது. அதற்குள் சலூன்காரர் வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. எழுத்தாளருக்கும் தெரியும், எழுத்தாளருக்குத் தெரியும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

“உன் பக்கம் மேகமா இருக்கு போல” என்றார் எழுத்தாளர். பிறகு எழுந்துபோய் மனைவியின் பக்கத்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து, மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

அந்த வாரமே வெளியூரில் இருந்த மகள் போன் செய்தாள். அப்பா, புக்கு பிரமாதம், ஒரே மூச்சில் முடித்துவிட்டேன் என்றாள். எழுத்தாளர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அங்கே இருட்டிவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டார். “அப்பவே இருட்டிடுச்சேப்பா, ஏன்?” என்றாள் மகள். “ஒண்ணுமில்லம்மா. நேரத்தோட சாப்பிட்டுத் தூங்கு” என்று சொல்லி எழுத்தாளர் போனை வைத்தார். பக்கத்தில் இருந்த டாக்டரம்மா துவைத்த துண்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் நாவலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பேசாமல் இருப்பதில் இருவரும் மிகுந்த மரியாதையைக் கடைப்பிடித்தார்கள். டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மேலே வரும்போது அவருக்கு இரவாகிவிட்டிருக்கும். ஜன்னலோரம் எழுத்தாளர் தன்னுடைய வெயிலில் உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். எழுத்தாளர் அங்கேயே இருப்பார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், மறுபடி உட்காருவார். ஊரில் வேறு யாரும் தன்னந்தனியாக இவ்வளவு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டதில்லை.

சலூன்காரர் பல்வலியோடு கிளினிக்குக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. நாற்காலியில் சாய்ந்ததும், ஊசி போட்டால் பேச முடியாது, அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

“சார் முன்னெல்லாம் மாசம் ஒரு தடவைதான் முடி வெட்ட வருவாரு. இப்ப மாசம் முடியறதுக்குள்ளேயே வந்துடறாரு. புக்கு பிடிச்ச எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒரு நாள்ல ஒன்றரை நாள் வாழறோம் இல்லையா, முடியும் அதுக்கேத்த மாதிரி வளருது. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, கொஞ்சம் வேகமாப் போனாலும் பரவாயில்ல. இத்தனை வருஷத்துல நான் சும்மா உட்கார்ந்ததே இல்ல டாக்டரம்மா, இப்பதான் உட்காருறேன். ஆனா சாருக்கு...” என்று இழுத்தார்.

“வாயைத் திறங்க” என்றார் டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கணவரைக் கீழே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். சமீபத்தில்தான் சுத்தம் செய்த பற்களில் அதற்குள் காரை கட்டியிருந்தது. முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருந்தது. செருப்பைப் பார்த்தார், அதுவும் தேய்ந்திருந்தது. காலண்டர்படி பார்த்தால் இருவரும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள். பல்லைப் பார்த்தால் எழுத்தாளர் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கருவிகளைத் துடைத்து வைத்தார். எழுதியவரிடம் போய், உங்கள் புத்தகம் உங்களுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவரோடு சேர்ந்து போக, அதைத் தனக்குப் பிடிக்கவைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். வேரோடு ஒரு பல்லை எடுப்பதுபோல, நிதானமாக, திட்டமிட்டு.

மறுநாளிலிருந்து, ஒரு நோயாளிக்கு மருந்து வைத்துவிட்டு அது பிடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். வாய் நிறையப் பஞ்சோடு கிடப்பவர்களிடம் இந்த இடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். அவர்கள் ‘ஆ’ என்றார்கள். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே மாதிரிதான் ‘ஆ’ என்றார்கள். இருட்டிய பிறகு ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் மேலே ஓடிப்போய் மேற்கு ஜன்னலருகே கையை நீட்டிப் பார்த்தார். இருட்டு. வரியைப் பற்றிய சொற்பொழிவை இரண்டாம் முறை படித்தார், ஒருவேளை முதல் முறை அசதியில் தவறவிட்டிருக்கலாம் என்று. இரண்டாம் முறை இன்னும் மோசமாக இருந்தது.

பௌதிக வாத்தியார் வேர் சிகிச்சைக்கு வந்திருந்தபோது, பஞ்சை எடுத்ததும் எடுக்காததுமாக அந்த விஞ்ஞானியின் பேச்சை எடுத்தார். அந்தச் சாவு எவ்வளவு சரியான சாவு தெரியுமா என்றார்.

“தெரியும். அவனைக் கொல்லச் சொன்னதே நான்தான்” என்றார் டாக்டரம்மா.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“அப்ப திரும்ப உயிரோட கொண்டுவந்தது?”

“அவரேதான். என்னைக் கேக்கல.”

“கேட்டிருக்கணும்.”

“ஆமா, கேட்டிருக்கணும்” என்றார் டாக்டரம்மா. கேட்கப்படாமல் போனதுதான் இத்தனை நாளும் உறுத்திக்கொண்டிருந்தது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அறுநூறாம் பக்கத்தைத் தாண்டி ஓர் அத்தியாயம் இருந்தது. இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே இடம் அது. எதிர்த்தவர்கள் அதைத்தான் முதல் சான்றாகக் காட்டினார்கள், ஆதரித்தவர்கள் அதை மட்டும் தள்ளிவிட்டுப் படித்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதில் கேப்டன் பேசுவதில்லை. விண்கலத்தின் வைத்தியர் ஒரு பெண். கடைசி நோயாளியும் போன பிறகு அவள் வெளியே வருகிறாள். வெளிச்சம் இன்னும் இருக்கிறது. குழாயடியில் நின்று கை கழுவுகிறாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, மணிக்கட்டு, முழங்கை என்று கழுவுகிறாள். கழுவிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். கேப்டன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது பக்கம். டாக்டரம்மா அதை ஒரு தடவை படித்தார். கிராம்புத் தைல வாசனை என்று ஒரு வரி வந்ததும் தன் விரல்களை மோந்து பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“நான் எப்பவாவது பாடியிருக்கேனா?” என்று நர்ஸிடம் கேட்டார்.

பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிற நர்ஸ், இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். “தினமும் பாடுவீங்களே டாக்டர். சும்மா க்ளீனிங்னா மெதுவா. பிடுங்கணும்னா கொஞ்சம் சத்தமா. வெளிய உட்கார்ந்திருக்கறவங்க அதை வெச்சுத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. சத்தம் ஏறிச்சுன்னா ரெண்டு பேராவது எழுந்து போயிடுவாங்க.”

அன்று டாக்டரம்மா கிளினிக்கை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடவில்லை. எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான், பென்சில் கோடுகளால் கறுத்துப்போன புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். எழுத்தாளர் தன் வெயிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எதிரே தன் இருட்டில் உட்கார்ந்து, புத்தகத்தை மேஜைமேல் போட்டார். தம்ளர் ஒன்று அதிர்ந்தது.

“இந்த ஆளு வாயையே மூட மாட்டானா?”

எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களாக அவர் முகத்தில் காணாமல் போயிருந்த ஒரு சுறுசுறுப்பு திரும்பி வந்தது.

“எந்த இடத்துல?”

“எந்த இடத்துலயும். ஷூ பாலிஷ் பத்தி முப்பது பக்கம். வாழ்க்கையில ஒரு தடவை பாலிஷ் போட்டிருக்கீங்களா? நான்தானே போடறேன்.”

“அது உருவகம்.”

“எதுக்கு?”

எழுத்தாளர் யோசித்தார். “எழுதறப்போ தெரிஞ்சுது” என்றார்.

“கம்ப்யூட்டர் எதுக்குச் சிரிக்குது?”

“ஜோக்கு நல்லா இருந்துச்சு.”

“அது நம்ம கல்யாணத்துல நீங்க சொன்ன ஜோக்கு. அன்னிக்கே ஒருத்தரும் சிரிக்கல.”

“அதான்” என்றார் எழுத்தாளர். “ஒருத்தராவது சிரிக்கட்டுமேன்னு.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டி, வரியை, கல்வியை, பிறந்தநாள் கேக்கை எல்லாம் ஒரு பிடி பிடித்தார். எழுத்தாளர் ஒன்றிரண்டுக்குச் சண்டை போட்டார், சிலவற்றுக்குத் தலையைச் சொறிந்தார். என் விஞ்ஞானியை எழுப்புவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டால் வேண்டாம் என்பாய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு யாரையும் செத்தவனாக விட்டுவைக்க மனசு வரவில்லை என்றார். அதற்குமேல் டாக்டரம்மாவுக்குத் திட்ட வரவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, குரலை மாற்றாமல் கேட்டார்.

“சரி, இந்தச் சாயங்காலம் எதுக்கு இவ்வளவு நீளம்?”

“நீ கிளினிக்க மூடிட்டு மேல வர்றப்போ எப்பவும் இருட்டிடுது. நாப்பது வருஷமா உன்னை நான் டியூப் லைட்லதான் பார்க்கறேன். ஆளெல்லாம் போனப்புறமும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சேன். அது பாட்டுக்கு வளர்ந்துடுச்சு.”

புத்தகத்தின் மேல் இருந்த டாக்டரம்மாவின் வலது கையில் சூடு தெரிந்தது. குனிந்து பார்த்தார். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெயில் விழுந்திருந்தது. அதற்கு மேலே தோள், கழுத்து, முகம் எல்லாம் இருட்டாகவே இருந்தன. கையை இந்தப் பக்கம் நகர்த்தினார், வெயில் கூடவே வந்தது. இப்படி ஒருவர்மேல் பாதியாக வெயில் விழுவது ஊரில் அதுதான் முதல் தடவை. எழுத்தாளர் இந்த முறை மேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“நாப்பது பக்கம்தான் பிடிச்சிருக்கு” என்றார் டாக்டரம்மா. “மீதி எண்ணூத்தி நாப்பதும் குப்பை.”

“எண்ணூத்தி நாப்பதுமா?”

டாக்டரம்மா நேர்மையாக யோசித்தார். “ஷூ பாலிஷ்ல ஒரு பாரா பரவாயில்ல.”

வெயில் முழங்கைக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியது.

விஷயம் நர்ஸ் மூலமாக வெளியே போனது. அதுவரை ஊரில் எல்லோரும் பிடித்தவர் அல்லது பிடிக்காதவர் என்று ஏதாவது ஒரு பக்கத்தில் நின்றிருந்தார்கள். தங்கள்மேல் எங்காவது வெயில் விழுகிறதா என்று உடம்பைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. தேடியபோது கிடைத்தது. கணக்கருக்கு இடது காதில் இருந்தது. அது ராக்கெட் கிளம்புகிற ஓசையைப் பற்றிய பத்தி என்று அவர் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். தையற்காரிக்குக் கட்டைவிரலில் இருந்தது. விமர்சகர் ஒருவழியாகக் குளியலறைக் கதவைத் திறந்து வெயிலைக் கூடத்துக்கு வரவிட்டார். வாசகர் வட்டத் தலைவர் பல்புகளைக் கழற்றிவிட்டு, முதல் முறையாக நாவலைப் படித்துப் பார்த்தார். வழுக்கையின் மேல் ஒரு நாணய அளவுக்கு விழுந்தது. தொப்பி போடாமல் தெருவில் நடக்க ஆரம்பித்தார், வெயில் வீட்டு வாசலைத் தாண்டாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பிடித்ததா என்று கேட்கிற வழக்கம் போய், எவ்வளவு பிடித்தது என்று கேட்கிற வழக்கம் வந்தது.

எழுத்தாளர் தன் மனைவியின் பென்சில் கோடுகளை வைத்துக்கொண்டு நாவலை மறுபடி படித்தார். கல்வி பற்றிய சொற்பொழிவைப் படிக்கும்போது அவருக்கே அசடு வழிந்தது. அன்று அவர் பாதங்களை விட்டு வெயில் சீக்கிரமாகப் போய்விட்டது. வரி பற்றிய பகுதி முடிந்தபோது முழங்கால்வரை போனது. இளைஞர்களின் கையெழுத்துக்கு மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய சாயங்காலம் குறையக் குறைய, டாக்டரம்மாவுடையது அங்கே ஒரு பத்தி இங்கே ஒரு வரி என்று கூடிக்கொண்டே வந்தது. முடி பழைய வேகத்துக்குத் திரும்பியது. சலூன்காரர் இதில் தனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான் என்று சொன்னாலும் சந்தோஷமாகவே சொன்னார். அவர் தன் சாயங்காலத்தில் ஒரு துளிகூட யாருக்கும் விட்டுத்தரவில்லை. பதிப்பாளர் இரண்டாம் பதிப்பில் கேப்டனின் பேச்சுகளை வெட்டிவிடலாமா என்று கேட்டபோது, எழுத்தாளர் முடியாது என்றார். டாக்டரம்மா அதைவிட உறுதியாக முடியாது என்றார். குப்பையும் இருக்கட்டும், இல்லாவிட்டால் எதைச் சொல்லித் திட்டுவது என்பது அவர் கட்சி. கிளினிக்கை மூடிவிட்டு மேலே வந்து, ஜன்னலோரத் தொட்டியில் விரல் விரலாகக் கை கழுவுவார். பாடக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டுதான் தொடங்குவார். மணிக்கட்டுக்கு வரும்போது பாட்டு வந்துவிடும். எழுத்தாளர் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருடைய வெயிலும் கடைசிவரை அளவில் ஒன்றாகவில்லை. டாக்டரம்மாவுக்கு இருட்டிய பிறகும் எழுத்தாளருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அவர் பாத்திரம் கழுவினார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு நீண்ட மழைக்காலம் வந்தது. பகலெல்லாம் மூட்டமாகவே கிடந்து, ஊரில் ஒரு துணி காயவில்லை. பிடித்தவர்கள் வீட்டில் மட்டும், மாலையானதும் மழையை ஒதுக்கிக்கொண்டு அந்த வெயில் வழக்கம்போல் உள்ளேயும் மொட்டைமாடியிலும் வந்து விழுந்தது. பௌதிக வாத்தியார் ஈரச் சட்டையோடு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய்விட்டு, ஒரு நாள் வாளி நிறையத் துவைத்த துணியும் கையில் டார்ச் லைட்டுமாக எதிர் வீட்டுப் படியேறி வந்தார். நாவலைப் பற்றிய தன் அபிப்பிராயத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்தினார். அதனால் ஒன்றுமில்லை, கிளிப் கொடியிலேயே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. வாத்தியார் மாடிக்குப் போனார். வெயில் அவரை மட்டும் விட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆளுயர இருட்டாக நின்றுகொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டார். துணிகளுக்கு இலக்கியத்தில் அபிப்பிராயம் ஏதும் இல்லாததால் அவற்றின்மேல் வெயில் நன்றாக விழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இருவரிடமும் இறங்கிவந்து, அப்படி ஒரு சூரியன் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் அந்தக் கிரகத்தின் சுழற்சி என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தார். எழுத்தாளர் மறுத்துப் பேசினார். டாக்டரம்மா வாத்தியார் பக்கம் சேர்ந்துகொண்டார். மழை நின்ற பிறகும் வாத்தியார் வாளியோடு வருவதை நிறுத்தவில்லை. அந்த நாவலில் ஒரு வரிகூட அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சட்டைகள் மொறமொறவென்று காய்ந்தன.